கொடுக்காத விண்ணப்பம்

"மாமா, என் சான்ஸ் எவ்வளவுன்னு நானே கண்டுபிடிச்சுட்டேன்!"

அக்கா மகள் லேப்டாப்பும் கையுமாக வந்து நின்றாள். 2025 மே 8-ம் தேதி, வியாழக்கிழமை ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தது. இது ஞாயிற்றுக்கிழமை காலை. மூன்றே நாளில் ஓர் ஆராய்ச்சியை முடித்திருந்தாள்.

திரையில் ஒரு பெரிய அட்டவணை. முதல் கட்டத்தில் காலேஜ் பெயர். அடுத்ததில் பாடப்பிரிவு. அதற்கடுத்து, போன வருடம் கடைசியாக இடம் கிடைத்தவர் எடுத்த மார்க். சீனியர் அக்காக்களிடம் கேட்டு, யூடியூப்பில் பார்த்து, டியூஷன் சாரிடம் விசாரித்துச் சேகரித்ததாம். கடைசிக் கட்டம்தான் முக்கியம். 'எனக்குக் கிடைக்கும் வாய்ப்பு, சதவிகிதத்தில்.'

பிள்ளை 600-க்கு 518. இங்கிலீஷில் 92. குறைவில்லை. ஆனால், அந்த வருடம் தமிழ்நாட்டில் பரீட்சை எழுதியவர்களில் 95 சதவிகிதம் பேர் பாஸ். நல்ல மார்க் வாங்கிய வீடுகளில்கூட லட்டுக்கு முன்னால் கவலை வந்துவிட்ட காலம் இது.

மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். பச்சை, பச்சை, மஞ்சள், பச்சை. ஆறாவது வரிசை மட்டும் சிவப்பு. சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, தாம்பரம். பி.ஏ. ஆங்கில இலக்கியம். வாய்ப்பு: 15 சதவிகிதம். பக்கத்தில் ஒரு குறிப்பு: 'அப்ளை பண்ண வேண்டாம்.'

"எம்.சி.சி.தானே உனக்கு ரொம்ப ஆசை?"

"ஆசை இருக்கு மாமா. சான்ஸ் இல்லையே. எதுக்கு வீணா அப்ளிகேஷன் ஃபீஸ்?"

நான் பி.காம். படித்தவன். அட்டவணை என்றால் எனக்கும் பிடிக்கும். ஆனால், இந்த அட்டவணையைப் பார்த்ததும் வயிற்றில் என்னவோ செய்தது. இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். லேப்டாப்பில் அல்ல, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில். எழுதியது நானேதான். வருடம் 1996.

தாம்பரம்வாசிகளுக்குத் தெரியும். இந்த ஊரை ரெண்டாகக் கிழித்துக்கொண்டு போகிறது ரயில் பாதை. மேற்கே ஜி.எஸ்.டி. ரோடு, மார்க்கெட், முடிச்சூர் ரோட்டில் எங்கள் வாடகை வீடு. கிழக்கே சேலையூர் காடு. அந்தக் காட்டுக்குள்ளேதான் கிறிஸ்தவக் கல்லூரி.

காடு என்றால் நிஜமாகவே காடுதான். சுமார் 365 ஏக்கர். மான் உண்டு. 1837-ல் ஜான் ஆண்டர்சன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் சென்னையில் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் வளர்ந்து கல்லூரியானது. ஜார்ஜ் டவுனில் இருந்தது. டாக்டர் ராதாகிருஷ்ணன் படித்ததெல்லாம் அங்கேதான். சரியாக நூறு வருடம் கழித்து 1937-ல் ஊருக்கு வெளியே தாம்பரத்துக்கு வந்தார்கள். பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்து அப்போது ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவியும் வளாகம் முழுக்க மரம் நட்டார்கள். பின்னாளில் தேர்தல் கமிஷனரான டி.என்.சேஷன் படித்தது இந்த வளாகத்தில்தான்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் நின்றால் கிழக்கே பச்சையாகத் தெரியும். அது 'பெரிய இடம்'. அவ்வளவுதான்.

அப்பா குரோம்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கிளார்க். தினமும் ரயில் ஏறும்போது அந்தப் பச்சையைப் பார்ப்பார். "அங்க படிச்சா எந்த சப்ஜெக்ட் எடுத்தாலும் மனுஷனாயிடுவான்டா" என்பார். கணக்கு படிக்கிறவன் இலக்கியம் படிக்கிறவனோடு ஒரே ஹாஸ்டலில் இருப்பான், நாடகம் போடுவான், சண்டை போடுவான், அதெல்லாமும் படிப்புதான் என்பது அவர் கட்சி. அவர் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. எங்கிருந்து இந்த எண்ணம் வந்தது என்று தெரியவில்லை.

நான் தமிழ் மீடியம். ப்ளஸ் டூவில் காமர்ஸ் குரூப். 1996-ல் மொத்தம் 1200. முக்கியப் பாடங்கள் நான்கிலும் சேர்த்து 800-க்கு 655. ஏறக்குறைய 82 சதவிகிதம். எங்கள் தெருவில் அது பெரிய மார்க். பக்கத்து வீட்டு மாமி பாயசம் கொடுத்து அனுப்பினார்.

அப்பா ஐம்பது ரூபாய் கொடுத்து, "போய் ஃபாரம் வாங்கிட்டு வா" என்றார். வாங்கி வந்தேன். முத்து முத்தாகப் பூர்த்தி செய்தேன். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒட்டினேன். சான்றிதழ்களை ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்குப் போனேன். அங்கேதான் விதி உட்கார்ந்திருந்தது, ஜெராக்ஸ் கடை அண்ணன் உருவத்தில்.

மார்க் ஷீட்டை மெஷினில் வைத்தபடியே ஒரு பார்வை பார்த்தார். "பி.காம்மா? எம்.சி.சி.யா? தம்பி, தொண்ணூறுக்குக் கீழ இருந்தா காட்டுப் பக்கமே போகாத. போன வருஷம் என் மச்சான் பையன் எண்பத்தெட்டு, கிடைக்கலை."

மச்சான் பையன் எந்தப் பாடத்துக்குப் போட்டான், என்ன பிரிவில் போட்டான், கடைசித் தேதிக்குள் போட்டானா... ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து காலண்டர் தாளைக் கிழித்தேன். கணக்குப் போட்டேன்.

எங்கள் பள்ளியில் மட்டும் என்னைவிட அதிகம் வாங்கியவர்கள் ஏழு பேர். தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, செங்கல்பட்டு எல்லாம் சேர்த்தால்? மொத்தச் சென்னையையும் சேர்த்தால்? ஆயிரக்கணக்கில் வந்தது. வகுப்பில் இருப்பதோ சில பத்து இடங்கள். கீழே கோடு போட்டு, விடையை எழுதி, வட்டம் போட்டேன். பூஜ்யம்.

மறுநாள் கடைசித் தேதி. ஃபாரத்தை ஃபைலில் வைத்துக்கொண்டு நடைமேம்பாலம் ஏறிக் கிழக்கே இறங்கினேன். கல்லூரி வாசல்வரை போனேன். கார் ஒன்று வந்து நின்றது. என் வயசுப் பையன் ஒருவன் இறங்கினான். அப்பாவிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தான். அவன் அப்பாவும் இங்கிலீஷில் பதில் சொல்லிச் சிரித்தார்.

அப்பாவும் பிள்ளையும் இங்கிலீஷில் சிரித்துக்கொள்வதை நான் அதுவரை சினிமாவில் மட்டுமே பார்த்திருந்தேன்.

அப்படியே திரும்பிவிட்டேன்.

இதை இவ்வளவு வெளிப்படையாக எழுத எனக்கு இருபத்தொன்பது வருடம் ஆகியிருக்கிறது. அந்த 82-ம், 90-ம், பூஜ்யமும் சாக்கு. அந்த வாசலுக்குள் போய் யாராவது இங்கிலீஷில் ஏதாவது கேட்டால் என்ன செய்வது என்கிற பயம்தான் காரணம். பயத்தைப் பயம் என்று சொன்னால் அசிங்கம். அதற்குச் சதவிகிதம் போட்டுக் கோடு கிழித்துவிட்டால் அது புத்திசாலித்தனம் ஆகிவிடுகிறது.

அக்கவுண்டன்ஸியில் ஒரு பாலபாடம் உண்டு. வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கி வை. வரக்கூடிய லாபத்தைக் கையில் வரும்வரை எழுதாதே. 'வாரா ஐயக்கடன் ஒதுக்கு' என்று தமிழ்ப் பாடப்புத்தகத்தில் பெயர்கூட உண்டு. வியாபாரத்துக்கு அருமையான விதி. பதினேழு வயசுப் பையன் தன் ஆசைக்கு அந்த ஒதுக்கைப் போட்டால், ஐந்தொகையில் எதுவும் மிஞ்சாது.

பூர்த்தி செய்த விண்ணப்பத்தை அக்கவுண்டன்ஸி புத்தகத்துக்குள் செருகி, புத்தகத்தை டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டேன். ரெண்டு வாரம் கழித்து அப்பா கேட்டார்.

"லிஸ்ட் போட்டாங்களாடா?"

"போட்டாங்கப்பா. பேர் வரலை."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

என் வகுப்பில் ஒருவன். என்னைவிடப் பதினாலு மார்க் குறைவு. 641. அவனும் அதே ஜெராக்ஸ் கடையில்தான் காப்பி எடுத்தான். அதே அண்ணன் அதே கதையை அவனிடமும் சொல்லியிருக்கிறார். அவன் காலண்டர் தாள் எதையும் கிழிக்கவில்லை. ஃபாரத்தைக் கொடுத்துவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போய்விட்டான். முதல் லிஸ்டில் பெயர் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை போய் நோட்டீஸ் போர்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஜூன் கடைசியில் ஓர் இடம் காலியாகிக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அவன் வந்து சொன்னபோது கையைக் குலுக்கினேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

அவனுக்குக் கிடைத்ததால் எனக்கும் கிடைத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். என்னைவிட அதிக மார்க் வாங்கி, விண்ணப்பம் கொடுத்து, கிடைக்காமல் போனவர்களும் அந்த வருடம் இருந்திருப்பார்கள். நான் வேறொரு மாலை நேரக் கல்லூரியில் பி.காம். சேர்ந்தேன். பகலில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை. அங்கே ரசீதுகளை அடுக்கும்போது ஒவ்வொரு ரசீதுக்குப் பின்னாலும் ஒரு கதை இருப்பது தெரிந்து, பத்திரிகைப் பக்கம் வந்து சேர்ந்தேன். கெட்டுப்போய்விடவில்லை. இருந்தாலும் தாம்பரம் ஸ்டேஷனில் கிழக்குப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் கணக்கு ஒன்று டேலி ஆகாமல் நிற்கும்.

சரி, அக்கா மகளுக்கு வருவோம்.

"உட்காரு கண்ணு. உன் அட்டவணையை ஆடிட் பண்ணலாம்" என்றேன்.

முதல் ஆடிட் குறிப்பு. 'கட்-ஆஃப்' என்று நாம் சொல்வது போன வருடம் கடைசியாக உள்ளே போன ஆளின் மார்க். அந்த ஆள் போய்விட்டான். அவனோடு போட்டியிட்டவர்களும் போய்விட்டார்கள். இந்த வருடக் கேள்வித்தாள் வேறு, திருத்தியவர்கள் வேறு, விண்ணப்பிக்கிறவர்கள் வேறு. நம் ஊரில் அளவுகோலே மாறியிருக்கிறது. பல வருடம் 1200 ஆக இருந்த மொத்த மதிப்பெண்ணை 600 ஆக்கினார்கள். 2021-ல் கொரோனாவால் ப்ளஸ் டூ பரீட்சையே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டிலிருந்து 30 என்று கலந்து மார்க் போட்டார்கள். அந்த வருட கட்-ஆஃபை வைத்து அடுத்த வருடப் பிள்ளைக்கு ஜோசியம் சொன்னால் எப்படி இருக்கும்?

ரெண்டாவது குறிப்பு. ஒரு காலேஜுக்கு ஒரே ஒரு கட்-ஆஃப் என்று எதுவும் கிடையாது. அரசுக் கல்லூரிகளில் 69 சதவிகித இட ஒதுக்கீடு. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கோடு. சிறுபான்மைக் கல்லூரிகளுக்குக் கணக்கு வேறு. 1991-ல் டில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி வழக்கில், தங்கள் சமூகத்து மாணவர்களுக்குப் பாதி இடங்கள்வரை முன்னுரிமை தரலாம் என்றது உச்ச நீதிமன்றம். விளையாட்டு வீரர்களுக்கு ஒரு கணக்கு. அரசு உதவி பெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்று பல கல்லூரிகளில் ஒரே பாடம் ரெண்டு வாசலில் இருக்கும். பி.காமுக்கு அலைமோதும் அதே கல்லூரியில் தத்துவத்துக்கும் வரலாற்றுக்கும் கூட்டம் குறைவாக இருக்கலாம். 'போன வருஷம் தொண்ணூறு' என்று யாராவது சொன்னால், 'எந்த வாசலில் தொண்ணூறு?' என்று கேட்க வேண்டும். 1996-ல் நான் அதைக் கேட்கவில்லை.

மூன்றாவது குறிப்பு, பி.காம். படித்த மாமாவின் ஸ்பெஷல். "நாலு கோடவுன் இருக்கு. நாலுலயும் சரக்கு எண்ணப் போறே. ஒரே மூட்டையை நாலு இடத்துலயும் எண்ணினா சரக்கு நாலு மடங்கா தெரியும். சரியா?"

"ஆமா."

"டாப் மார்க் வாங்கினவங்க ஒவ்வொருத்தரும் எத்தனை காலேஜுக்குப் போடுவாங்க?"

"நாலு... அஞ்சு..."

"சேரப்போறது?"

"ஒண்ணு."

கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள். 1996-ல் நான் பயந்த அந்த ஆயிரக்கணக்கான பேர் இப்படி எண்ணிய மூட்டைகள்தான். நுங்கம்பாக்கம் லயோலா, மயிலாப்பூர் விவேகானந்தா, அரும்பாக்கம் வைஷ்ணவ், தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி என்று நாலு லிஸ்டிலும் ஒரே பெயர்கள் இருக்கும். ஆள் ஓரிடத்தில்தான் உட்கார முடியும். மற்ற இடங்கள் மெள்ள மெள்ளக் காலியாகும். சயின்ஸ் பாடங்களில் இது இன்னும் அதிகம். இன்ஜினீயரிங் கவுன்சலிங்கிலோ மருத்துவத்திலோ இடம் கிடைத்ததும் பி.எஸ்ஸி. வகுப்பில் பெஞ்ச் காலியாகும். ரெண்டாவது லிஸ்ட், மூன்றாவது லிஸ்ட் எல்லாம் இப்படித்தான் பிறக்கின்றன. விண்ணப்பம் கொடுத்தவனைத்தான் அதற்கும் கூப்பிடுவார்கள்.

"அமெரிக்கால எப்படி மாமா? அங்க மார்க் மட்டும் பார்க்க மாட்டாங்களாமே?"

ஆமாம். அங்கே ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ் என்று சின்னச் சின்னக் கலைக் கல்லூரிகள். இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. நூறு பேர் விண்ணப்பித்தால் பத்துப் பேருக்குக் கிடைப்பதே பெரிது. மார்க்கோடு கட்டுரை கேட்பார்கள், ஆசிரியரின் கடிதம் கேட்பார்கள், பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய் என்று கேட்பார்கள். அங்கேயும் பிள்ளைகள் தங்கள் வாய்ப்பைச் சதவிகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டு தூக்கம் கெடுகிறார்கள். இதில் வேடிக்கை, கல்லூரியும் கணக்குத்தான் போடுகிறது. கூப்பிட்டவர்கள் எல்லாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்து, இருக்கிற இடத்தைவிட அதிகம் பேருக்குக் கடிதம் அனுப்புகிறது. காத்திருப்புப் பட்டியலும் வைத்துக்கொள்கிறது. யார் வரப்போகிறார்கள் என்று உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கே தெரியாது. நம் ஜெராக்ஸ் கடைக்கு எப்படித் தெரியும்?

மார்க் ஒரு பொருட்டே இல்லை என்று இவளிடம் பொய் சொல்லவும் எனக்கு விருப்பமில்லை. 2011-ல் டில்லி ஸ்ரீராம் காமர்ஸ் கல்லூரி, பள்ளியில் காமர்ஸ் படிக்காதவர்கள் பி.காம். சேர நூற்றுக்கு நூறு என்று முதல் லிஸ்ட் போட்டது. நாடே சிரித்தது, அழுதது. அந்த மாதிரி நேரத்தில் எண்பது வாங்கியவன் அதை மட்டுமே நம்பி உட்கார்ந்திருந்தால் வருடம் வீண். அதனால் அட்டவணை வேண்டும். நிச்சயம் கிடைக்கும் இடம் ரெண்டாவது அதில் இருக்க வேண்டும். அரசு கலைக் கல்லூரிகளை விட்டுவிடக் கூடாது. அங்கே இங்கிலீஷ் இலக்கியத்துக்கு இங்கிலீஷ் மார்க்கை வைத்துத்தான் ரேங்க். மற்ற பெரும்பாலான பாடங்களுக்கு நாலு முக்கியப் பாடங்களின் 400. ஒளிவு மறைவில்லாத கணக்கு. இந்தப் பிள்ளைக்கு அதில் 92 இருக்கிறது.

"எல்லாம் சரி. அந்தச் சிவப்பை மட்டும் எடுத்துடு. அப்ளை பண்ண வேண்டாம்னு முடிவு பண்றதுக்குத் தாம்பரத்துல ஒரு கமிட்டி சம்பளம் வாங்கிட்டு உட்கார்ந்திருக்கு. அவங்க வேலையை நீ எதுக்கு ஓசியில பாக்கறே?"

சிரித்தாள். ஆனால், விரல் நகரவில்லை.

"வேற என்ன பயம்?" என்று கேட்டேன்.

ரொம்ப நேரம் கழித்துத்தான் பதில் வந்தது. "அங்க வர்றவங்க எல்லாம் பெரிய பெரிய ஸ்கூல் மாமா. வீட்லயே இங்கிலீஷ் பேசுவாங்க. நான் பெருங்களத்தூர் மெட்ரிக். லிட்ரேச்சர் க்ளாஸ்ல நான் வாயைத் திறந்தா..."

முடிக்கவில்லை.

இருபத்தொன்பது வருடத்தில் என்னென்னவோ மாறிவிட்டது. அந்தப் பழைய மீட்டர்கேஜ் மின்சார ரயில் 2004-ல் நின்றது. தாம்பரம் 2021-ல் மாநகராட்சியாகிவிட்டது. வெளியூர் பஸ்ஸுக்குக் கிளாம்பாக்கம் போகிறோம். காலண்டர் தாள் போய் லேப்டாப் வந்துவிட்டது. அந்த வாசல் மட்டும் அதே வாசல். வெளியே நிற்கிற பிள்ளையும் அதே பிள்ளை.

அப்போதுதான் அந்த விஷயத்தை அவளிடம் சொன்னேன். என் மனைவிக்குக்கூட அதுவரை சொல்லாதது.

அப்பா 2011-ல் போய்விட்டார். 2015 டிசம்பரில் அடையாறு நிரம்பி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வெள்ளம் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து, நனைந்த காகிதங்களைக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தோம். ரேஷன் கார்டு, எல்.ஐ.சி. பத்திரம், கல்யாண போட்டோக்கள்.

அம்மா ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மை கரைந்திருந்தது. போட்டோ மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பதினேழு வயசு நான்.

"இது காலேஜுக்குக் கொடுத்த ஃபாரம் இல்ல? இது எப்படிடா இங்க இருக்கு?"

நான் பதில் சொல்லவில்லை. அம்மாவுக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். தாளை மெதுவாகக் கொடியில் மாட்டிவிட்டுச் சொன்னார்:

"உங்கப்பா அரை நாள் லீவு போட்டுட்டு அங்க போனாருடா. நீ சரியாப் பார்த்திருக்க மாட்டேன்னு. போர்டுல இருந்த லிஸ்ட்டை ரெண்டு தடவை விரல் வெச்சுப் பார்த்தாராம். இனிஷியல் மாத்திப் போட்டிருப்பாங்களோன்னு வேற லிஸ்ட்டெல்லாம் பார்த்தாராம். உன்கிட்ட சொல்ல வேணாம்னுட்டார். பையன் வருத்தப்படுவான்னு."

இருக்கவே முடியாத ஒரு பெயரை அந்த மனுஷன் வெயிலில் நின்று ரெண்டு தடவை தேடியிருக்கிறார். அதற்குப் பிறகு பதினைந்து வருடம், 'நம்ம பையனை அவங்க எடுக்கலை' என்று நினைத்துக்கொண்டே ரயிலில் அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறார். என் விண்ணப்பத்தைக் கண்ணாலும் பார்க்காத கல்லூரிமேல் ஒரு மனஸ்தாபம். அதை நான் தீர்த்துவைத்திருக்கலாம். ஒரு வார்த்தை போதும். சொல்லவே இல்லை.

அக்கா மகள் லேப்டாப்பை மூடினாள். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு, "தாத்தா ரெண்டு தடவை பார்த்தாரா?" என்றாள்.

"ரெண்டு தடவை."

அன்று சாயங்காலமே அந்தச் சிவப்பு வரிசைக்கும் விண்ணப்பித்துவிட்டாள். மொத்தம் நாலு கல்லூரிகள், அது தவிர அரசுக் கல்லூரிகளுக்குச் சேர்த்து ஐம்பது ரூபாயில் ஒரு விண்ணப்பம்.

என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? ரெண்டு கல்லூரிகள் கைவிரித்துவிட்டன. ஒன்று முதல் லிஸ்டிலேயே கூப்பிட்டது. இன்னொன்று முதலில் இல்லை என்று இருந்துவிட்டு, ரெண்டாவது லிஸ்டில் கூப்பிட்டது. எது எது என்று எழுதக் கூடாது என்பது அவள் உத்தரவு. இங்கிலீஷ் இலக்கியம் படிக்கிறாள். வகுப்பில் வாயைத் திறக்கிறாளாம். முதல் மாதம் கொஞ்சம் திக்கியதாம். இப்போது பேசுவதை நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கிறது என்கிறாள் அக்கா.

அந்த ரெண்டு கல்லூரிகளின் பதில் வந்த ராத்திரி போன் செய்தேன். அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். கொஞ்சம் அழுதிருக்கிறாள், குரலில் தெரிந்தது.

"வருத்தமா கண்ணு?"

"இருக்கு மாமா. ஆனா, இல்லைன்னு அவங்கதான் சொன்னாங்க. நான் சொல்லலை."

பின்னால் அக்கா வீட்டுக்காரர் குரல் கேட்டது. "இரும்மா, இன்னொரு தடவை லிஸ்டைப் பார்த்துடறேன்..."

பார்க்கட்டும் என்று போனை வைத்தேன்.